கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு பக்கம் கட்டிப் பாருங்கள்

திருப்பூரை அடுத்த ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன். வயது 31. பி.காம் முடித்து, பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கும் பேக்கிங் லிஸ்ட்டும் பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே செய்யலாம் என்று வெப் டிசைன் கற்க விரும்புகிறார். கையில் இருப்பது கணவரின் பழைய லேப்டாப்: 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஒரு பயிற்சி மையம் 6 மாத 'ஃபுல் ஸ்டாக்' (தளத்தின் முகப்பும் பின்னணி நிரலும் சேர்ந்த) வகுப்புக்கு 70,000 ரூபாய் கேட்கிறது. மாதத் தவணை வசதி உண்டு, வேலைக்கு உத்தரவாதம் என்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) போட்டோஷாப்பையும், வெப் பக்கம் கட்டும் மென்பொருளான ட்ரீம்வீவரையும் பென்டிரைவில் கொடுத்திருக்கிறான். சித்தப்பா மகன், 'இதையெல்லாம் ஏஐ செய்துவிடும், வீண் வேலை' என்கிறார். இதற்கிடையில் தெரிந்த ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், 'எனக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடும்மா, 8,000 தருகிறேன்' என்று சொல்லியிருக்கிறார். எந்த மென்பொருள் வாங்குவது, எந்த லேப்டாப் வாங்குவது, கணக்கும் இங்கிலீஷும் எவ்வளவு வேண்டும், இந்த வயதில் தொடங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மென்பொருட்களின் பெயர்கள் இருக்கின்றன, லேப்டாப் மாடல்கள் இருக்கின்றன, கோர்ஸ் கட்டணம் இருக்கிறது. நீங்கள் செய்து பார்த்த ஒரு வெப் பக்கம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எதை வாங்குவது என்ற கவலை பெரிதாகிவிடுகிறது, எதைச் செய்து பார்ப்பது என்ற யோசனை தள்ளிக்கொண்டே போகிறது. அடுத்த மூன்று மாதத்துக்கு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். தையல் பழக வருகிறவர் முதல் நாளே ஓவர்லாக் மெஷின் வாங்குவதில்லை என்பது உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். சிறு வியாபாரிகளுக்கு வேலை செய்து கொடுக்கப்போகிற உங்களிடம் யாரும் வயதைக் கேட்கப்போவதில்லை. கணக்கில் சதவீதமும் வகுத்தலும் போதும். ஏற்றுமதி நிறுவனத்தில் நீங்கள் போட்ட கணக்கு இதைவிடக் கடினம். இங்கிலீஷ் கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் பேசும் இங்கிலீஷ் தேவையில்லை, படித்துப் புரிந்துகொள்ளும் அளவு போதும். எது தலைப்பு, எது பத்தி என்று வெப் பக்கத்தில் குறிச்சொற்களால் குறிக்கும் மொழி எச்டிஎம்எல். அதில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குறிச்சொற்கள் உண்டு. தினசரி வேலைக்கு அவற்றில் முப்பது தெரிந்தால் ஓட்டிவிடலாம்.

லேப்டாப்பும் அந்தப் பென்டிரைவும்

இப்போதுள்ள லேப்டாப் தொடங்கப் போதும். ஒரு வெப் பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. அதை எழுத ஓர் எடிட்டரும் திறந்து பார்க்க ஒரு பிரவுசரும் இருந்தால் சரி. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரை மைக்ரோசாஃப்ட் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. தொழில்முறையாளர்கள் பலர் பயன்படுத்துவதும் அதைத்தான். உங்கள் மெஷினில் அது திணறினால் நோட்பேட்++ வைத்துக்கொள்ளுங்கள். குரோமில் எஃப்12 பட்டனை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். எந்தத் தளத்தின் உள்கட்டமைப்பையும் அதில் பிரித்துப் பார்க்கலாம், நிறத்தையும் அளவையும் அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் தேடும் மிக முக்கியமான கருவி அதுதான், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பக்க வடிவமைப்பை வரைய உதவும் ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடும், இலவசத் திட்டமும் உண்டு. ஆனால் 4 ஜிபியில் தடுமாறும். முதல் சில மாதங்கள் பக்கத்தின் அமைப்பை நோட்டில் பென்சிலால் வரையுங்கள். படங்களைத் திருத்த கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும், அதுவும் கனமாக இருந்தால் பிரவுசரில் ஓடும் போட்டோபியா. பிறகு எப்போதாவது செலவழிக்க மனம் வந்தால், புது லேப்டாப் வாங்கும் முன் இதற்கே எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்டு ராமை 8 ஜிபி ஆக்க முடியுமா என்று சர்வீஸ் கடையில் கேளுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் காசில்லை, விஷுவல் ஸ்டுடியோ கோடும் கிம்ப்பும் அதில் ஓடும்.

பென்டிரைவைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. வியாபார ஆதாயத்துக்காக இல்லாதபோது சிறையை விலக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. நீங்களோ தொழிலுக்காகக் கற்கிறீர்கள். சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கிராக் கோப்புகளோடு கடவுச்சொல் திருடும் நிரல்கள் சேர்ந்து வருவது சகஜம். உங்கள் கணவரின் வங்கிக் கணக்கு அதே லேப்டாப்பில்தானே திறக்கப்படுகிறது? மேலும் ட்ரீம்வீவரை இன்று புதிதாகக் கற்க வேண்டிய தேவையே இல்லை. போட்டோஷாப் தெரிந்தால் வெப் டிசைன் தெரிந்த மாதிரி என்று நினைத்திருக்கிறீர்கள். போட்டோஷாப்பில் வரைந்தது ஒரு படம். அதைப் பக்கமாக்க எச்டிஎம்எல்லும், நிறம், அளவு, அமைப்பு ஆகியவற்றைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் வேண்டும்.

எதை முதலில் கற்பது

வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் உலகுக்குத் திறந்துவிட்ட முதல் தளத்தின் பழைய பிரதியை, அவர் அப்போது வேலை பார்த்த சேர்ன் ஆய்வகம் மீட்டு வைத்திருக்கிறது. அதை இன்று உங்கள் போனில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும். அது எச்டிஎம்எல். சிஎஸ்எஸ்ஸின் முதல் தரநிலை 1996-ல் வந்தது. பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல். இடையில் வந்த, அசையும் படங்களுக்கான ஃபிளாஷ் ஒரு காலத்தில் டிசைன் உலகத்தையே ஆண்டது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதை நிறுத்தியபோது, அதை மட்டும் கற்றிருந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உங்களிடம் ஆளுக்கொன்றாகச் சொன்ன கருவிகளில் எது பத்து வருடம் நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அந்த மூன்றும் நிற்கும் என்று நம்பி உங்கள் நேரத்தைப் போடலாம்.

எச்டிஎம்எல்லில் தொடங்குங்கள். தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படம், இணைப்பு, படிவம். பார்வையற்றவர்களின் போன் பக்கத்தை வாசித்துக் காட்டும்போது தலைப்பு தலைப்பாக இருந்தால்தான் அவர்களால் தாவிச் செல்ல முடியும், படத்துக்கு விளக்கம் எழுதியிருந்தால்தான் அது என்ன படம் என்று தெரியும். இதை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். அடுத்து சிஎஸ்எஸ்: பெட்டி, இடைவெளி, எழுத்தளவு, பிறகு பெட்டிகளை வரிசையாகவும் கட்டங்களாகவும் அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட், திரை அகலத்துக்கேற்ப மாற்றும் மீடியா குவரி. உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார்கள். ஆகவே 360 பிக்சல் அகலத்துக்கு முதலில் செய்து, பிறகு பெரிய திரைக்கு விரியுங்கள். இவ்விரண்டும் கைக்கு வந்த பின் ஜாவாஸ்கிரிப்ட்டில் கொஞ்சம். மெனு திறந்து மூடுவது, படிவத்தில் தவறு காட்டுவது அளவுக்கு. ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை இப்போது தொடவே வேண்டாம்.

நிரல் எழுதாமலே தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மட்டும் போதுமே என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2003-ல் வந்த அந்த மென்பொருளில்தான் உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஓடுகின்றன. உள்ளூர் வேலைகளில் அதைத்தான் அதிகம் கேட்பார்கள். கட்டாயம் கற்க வேண்டும், ஆனால் இவற்றுக்குப் பிறகு. சிஎஸ்எஸ் தெரியாமல் வேர்ட்பிரஸ்ஸுக்குப் போனவர், தீம் (ஆயத்த வடிவமைப்பு) ஒன்று சொன்னபடி கேட்காதபோது பிளகின் (கூடுதல் வசதி) மேல் பிளகினாகப் போட்டுத் தளத்தை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்.

டிசைன் கண் தனியாக வர வேண்டும். உங்களுக்குப் பிடித்த ஒரு தளத்தை எடுத்து, எழுத்தளவுகள் எத்தனை, இடைவெளி எவ்வளவு, நிறங்கள் எத்தனை என்று எஃப்12 பலகையில் பார்த்து எழுதுங்கள். நல்ல பக்கங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறங்களும் நாலைந்து எழுத்தளவுகளும்தான் இருக்கும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் பயன்படுத்தும்படி செய்யும் அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதல். அதே எஃப்12 பலகையே அந்த எண்ணைக் காட்டும்.

கற்க எம்டிஎன் (வெப் மொழிகளுக்கான கையேட்டுத் தளம்), ஃப்ரீகோட்கேம்ப் (பயிற்சித் தளம்) இரண்டும் முற்றிலும் இலவசம், ஆங்கிலத்தில். கணியம் என்ற தமிழ்க் கணிநுட்ப இதழ் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் பற்றித் தமிழிலேயே இலவச மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, சந்தேகத்துக்கு எம்டிஎன்னைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு யூடியூப் தொடர்களைப் பின்தொடராதீர்கள்.

முதல் பக்கம் எதைப் பற்றி

பயிற்சிக்காக எல்லோரும் செய்யும் கற்பனை காபி ஷாப் உங்களுக்கு வேண்டாம். பனியன் துணியைப் பற்றி ஒரு பக்கம் செய்யுங்கள். ஜிஎஸ்எம் என்றால் என்ன, சிங்கிள் ஜெர்சிக்கும் இன்டர்லாக்குக்கும் என்ன வித்தியாசம், சைஸ் சார்ட்டை எப்படிப் படிப்பது. புதிதாக டிஷர்ட் தொழில் தொடங்குகிற ஒருவருக்கு நீங்கள் நேரில் சொல்வதைப் போல எழுதுங்கள். தலைப்பும் பத்தியும் படமும் அதில் தானாக வந்துவிடும், கடைசியில் ஒரு விசாரணைப் படிவம் வைப்பீர்கள். சைஸ் சார்ட் போட்டவுடன் அட்டவணை போன் திரையை விட்டு வெளியே ஓடும். அதை எப்படி அடக்குவது என்று தேடும்போது கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. முடிந்ததும், பக்கங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக ஏற்றலாம். அன்றைக்கு உங்களிடம் காட்டுவதற்கு ஒரு முகவரி இருக்கும். சான்றிதழை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அந்த முகவரியைத் திறந்து பார்ப்பார்கள். பின்னாளில் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தால், லாட் என்றால் என்ன, ஷேட் மாறினால் என்ன ஆகும் என்று அவர் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இது உங்கள் போட்டியாளர்கள் பலரிடம் இல்லாதது.

தமிழ் எழுத்தில் கவனம்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பயிற்சி மையங்களின் பாடத்திட்டங்களில் நான் இதைப் பார்த்ததே இல்லை என்பதால் சொல்கிறேன். உள்ளூர்க் கடைக்காரர் உங்களிடம் தரும் நோட்டீஸ் பெரும்பாலும் டிடிபி சென்டரில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் இணையத்தில் இலவசம். மாற்றிய பின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். பக்கத்தின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு வரியும், மொழி தமிழ் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும்.

தமிழில் மேலே கி, கீ சுழியும் கீழே கூ, ழு வாலும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி நெருக்கமாகிவிடும். எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வைத்துப் பாருங்கள். நம் சொற்கள் நீளம். 'வாடிக்கையாளர்களுக்கான' என்ற ஒரே சொல் பெரிய தலைப்பில் போன் அகலத்தைத் தாண்டிவிடும். நீண்ட சொல்லை உடைக்க அனுமதிக்கும் சிஎஸ்எஸ் வரி ஒன்று உண்டு, அதைவிடத் தலைப்பைச் சுருக்கி எழுதுவது நல்லது. 'சமர்ப்பிக்கவும்' என்று பட்டனில் திணிக்காமல் 'அனுப்பு' என்று போட்டால் இடமும் மிச்சம், யாருக்கும் புரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் ஆகிய எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, இரண்டு தடிமன். அதற்கு மேல் சேர்த்தால் கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் திறக்க நேரமாகும்.

சித்தப்பா மகன் சொன்னது

அவர் சொல்வதில் பாதி உண்மை. விளம்பர நோட்டீஸ் மாதிரி ஒற்றைப் பக்கத் தளத்தை இன்று ஏஐ சில நிமிடத்தில் எழுதித் தரும். அதை மட்டுமே செய்து பிழைக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். ஆனால் அது தரும் பக்கத்தில் படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் இல்லாமல் போகலாம், தேவையற்ற நிரல்கள் சேர்ந்திருக்கலாம், தமிழ்த் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கலாம். பார்த்ததும் இது தவறு என்று கண்டுபிடிக்க, படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். நீங்கள் ஏஐயை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே எழுதிய பத்து வரியைக் கொடுத்து, 'இந்த வரி ஏன் வேலை செய்யவில்லை' என்று தமிழிலேயே கேளுங்கள். முதல் மூன்று மாதம் அது எழுதித் தருவதை ஒட்டாதீர்கள். வாடிக்கையாளரின் போன் எண் பட்டியல் போன்றவற்றை என்றைக்குமே அதில் போடாதீர்கள்.

70,000 ரூபாய்த் தவணை

மாதத் தவணை என்று சொல்லும்போது, நீங்கள் பயிற்சி மையத்துக்கு மாதாமாதம் கட்டப்போவதாக நினைத்திருக்கிறீர்கள். பல இடங்களில் நடப்பது வேறு. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் மையத்துக்குச் செலுத்திவிடும். நீங்கள் இரண்டாவது மாதம் வகுப்பை நிறுத்தினாலும், மையமே மூடப்பட்டாலும், கடன் உங்கள் பெயரில் நிற்கும். தவணை தவறினால் கிரெடிட் ஸ்கோர் கெடும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். கையெழுத்துக்கு முன், கடன் கொடுப்பது யார், கட்டணம் திரும்புவதற்கான விதி என்ன, வேலை உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 'உதவி செய்வோம்' என்பதும் 'உத்தரவாதம்' என்பதும் ஒன்றாகாது. ஆன்லைன் கடன் என்றால், மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவரத் தாளும், அபராதமின்றி விலகிக்கொள்ளச் சிறிது அவகாசமும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. ஏற்கெனவே கையெழுத்திட்டுச் சிக்கலில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

வகுப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் படித்தால் ஓடாது, ஒருவர் கேள்வி கேட்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, உங்கள் பனியன் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், இதற்கு மேல் என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பதிலை எடைபோட அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அங்கு படித்து முடித்தவர்களிடம் நீங்களே பேசுங்கள், மையம் காட்டும் ஆளிடம் மட்டும் வேண்டாம்.

ஜவுளிக் கடை

இந்த வேலையை விட்டுவிடாதீர்கள், இப்போதே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இதுதான் உங்கள் முதல் வேலை என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, மூன்று மாதம் கழித்துத் தொடங்கலாமா என்று கேளுங்கள். அதுவரை அவருக்கு உதவ ஒரு வழி இருக்கிறது: கூகுள் மேப்பில் கடையின் விவரங்களைச் சரிசெய்து, நேரம், போன் எண், புகைப்படம் ஏற்றிக் கொடுங்கள். சின்னக் கடைக்கு அது உடனே பலன் தரும்.

வேலை தொடங்கும்போது டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இடம்) அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் பணத்தில் வாங்கப்பட வேண்டும். உங்கள் பெயரில் வாங்கிவிட்டால் புதுப்பிக்கும் தலைவலியும் மனஸ்தாபமும் உங்களுடையது. 8,000 குறைவான தொகைதான். அளவு வைத்துக்கொண்டால் முதல் வேலைக்கு ஏற்கலாம்: ஐந்து பக்கம், இரண்டு முறை திருத்தம், பாதிப் பணம் முன்பணம், அதற்கு மேல் கேட்டால் தனிக் கூலி. இதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு ஆரம்பியுங்கள். புடவைப் படங்களைக் கூகுளில் எடுக்காமல், பகல் வெளிச்சத்தில் அவர் கடைச் சரக்கையே போனில் எடுங்கள். ஆன்லைன் பணம் வாங்கும் வசதியை முதல் தளத்தில் சேர்க்காதீர்கள். ரீஃபண்ட், ஜிஎஸ்டி, டெலிவரி என்று அது வேறொரு தொழில். வாட்ஸ்அப்பில் விசாரிக்க ஒரு பட்டன் போதும். படிவம் வைத்தால் பெயரும் எண்ணும் மட்டும் கேளுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்கிறது.

'தீபாவளிக்கு முன்னால் முடித்துக் கொடும்மா' என்று அவர் நிச்சயம் கேட்பார். சீசன் நேரத்தில் அவரால் உட்கார்ந்து படம் தேர்ந்தெடுக்கவோ விலை சொல்லவோ முடியாது, தாமதப் பழி உங்கள் மேல் விழும். சீசன் முடிந்து கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.